டம்டம் ரவையும் மான் வேட்டையும்

விடுமுறை முடிந்து சென்னையிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் நம் மாணவர்களுக்கு டம்டம் என்றால் விமான நிலையம். ஷியால்தாவில் ரயிலேறுவோருக்கு அது ஒரு ஜங்ஷன். துப்பாக்கி பற்றிப் பேசும் உலகத்தாருக்கோ டம்டம் என்பது ஊரே அன்று; அது ஒரு ரவையின் பெயர். நம் தமிழ் ஆங்கில அகராதிக்குக் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் கொடுத்தது. கல்கத்தாவின் இந்தப் புறநகர் கொடுத்தது, பட்டவுடன் மூக்கு விரிந்து சதையைக் கிழிக்கும் ஒரு குண்டை. நாள்தோறும் மெட்ரோவில் இந்தப் பெயரைக் காதால் கேட்டுக்கொண்டு போகும் நாம் அதன் கதையைத் தெரிந்துகொள்வது தகும்.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் பாட்டனாரால். சத்தியமங்கலத்து மலையடிவாரத்தில் எங்கள் ஊர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ராகிப் பயிரைக் காப்பதற்கென உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அது ‘315’ ரகம். இங்கே பாரக்பூருக்கு அப்பால் உள்ள இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்தது. (படைகளின் ‘த்ரீ-நாட்-த்ரீ’ அளவைக் குடிமக்கள் கையில் கொடுக்கலாகாது என்பதனால், 8 மில்லிமீட்டர் ரவை போடும் இந்த வேற்றளவு பொதுமக்களுக்கென வைக்கப்பட்டது. வங்காளத்தில் செய்த இரும்பு எங்கள் அடிவாரத்துக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது என்பதை இங்கு வந்த பிறகே அறிந்தேன்.)

ஒரு நிலா இரவில் காட்டில் இறங்கிய புள்ளிமான் ஒன்றைச் சுட்டார். தோளுக்குப் பின்னால் குறி பார்த்தார். அது சற்றுப் பின்தள்ளி வயிற்றோரம் பட்டது. மான் ஒரு துள்ளு துள்ளி ஓடிவிட்டது. விடிந்து தேடினால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இரத்தத் துளிகள், அப்புறம் அதுவுமில்லை. மூன்றாம் நாள் ஓடைக்கரையில் காக்கைகள் கூடிய இடத்தில் அது கிடந்தது. ரவை போன துளையும் வந்த துளையும் சுண்டுவிரல் நுழையாத அளவு. மூன்று நாள் உயிரோடு கிடந்து செத்திருக்கிறது. பட்டணத்துக் கடையில் அவர் வாங்கிவந்திருந்தது முழு உறையிட்ட ‘சாலிட்’ தோட்டா. மானுக்கு வாங்க வேண்டியது ‘சாஃப்ட் நோஸ்’ என்று பின்னால் ஒருவர் சொன்னாராம். குறி தவறியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆயினும் ரவையைத் தேர்ந்ததில் நேர்ந்த பிழையும் அதில் பாதி.

ரவை, தோட்டா என்னும் இரண்டு சொற்களையும் நாம் பேச்சில் கலந்து வழங்குகிறோம். தோட்டா என்பது முழுப்பொருள். அதில் நான்கு உறுப்புக்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீபாவளித் துப்பாக்கியின் கேப்புப் போலத் தட்டினால் தீப்பிடிக்கும் சிறு குமிழ், கூட்டுக்குள் மருந்து, கூட்டின் வாயில் செருகிய ரவை. பறந்து செல்வது ரவை மட்டுமே. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் பலர் இந்நான்கையும் தனித்தனியே வாங்கி, சுட்ட கூட்டையே திரும்பவும் பயன்படுத்தி, வீட்டு மேசையில் தோட்டா கட்டுகிறார்கள். சிக்கனம் ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கும் தான் சுடப்போகும் விலங்குக்கும் ஏற்ற ரவையைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்பது பெரிய காரணம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். மான் வேட்டையோ 1972-இன் சட்டத்தால் மூடப்பட்ட கதவு. ஆதலின் இது செய்முறைப் பாடமன்று. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவன் ரவையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது என்ன கேள்வி கேட்கிறான் என்பதே நமக்கு வேண்டியது. அக்கேள்வியை 1890-களில் டம்டமிலும் கேட்டார்கள்.

கேள்வி இதுதான்: ரவை சுமந்து செல்லும் சக்தி எங்கே இறங்க வேண்டும்?

பள்ளிக்கூடத்து இயற்பியலே போதும். பிரிட்டிஷ் படைகளிடம் முதலில் இருந்த மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியின் ரவை 480 கிரெயின், அதாவது 31 கிராம். நம் வீட்டுக் கணக்கில் ஏறத்தாழ நான்கு சவரன். கனத்த ஈயம், 0.45 அங்குலக் குறுக்களவு, விநாடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகம். 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டின் ‘த்ரீ-நாட்-த்ரீ’ ரவையோ 215 கிரெயின், ஒன்றேமுக்கால் சவரன்தான். சற்றுப் பின்னர் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்தபோது அதன் வேகம் விநாடிக்கு 600 மீட்டராயிற்று. பாதி எடையில் வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்கிப் பாருங்கள்: பழையதற்குச் சுமார் 2,600 ஜூல், புதியதற்குச் சுமார் 2,500 ஜூல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! ஆனால் போர்க்களத்திலிருந்து வந்த புகார் ஒன்றல்ல. 1895-இல் சித்ரால் படையெடுப்பின்போது புதிய ரவை பட்டவர்கள் விழாமல் மேலே வருகிறார்கள் என்று வடமேற்கு எல்லையிலிருந்து முறையீடு வந்தது.

சக்தி சமமாயிருக்க விளைவு ஏன் மாறியது? வேகத்துக்கு ஈடுகொடுக்க, மெல்லிய ஈய ரவைக்குச் செம்பும் நிக்கலும் கலந்த கெட்டியான உறை போட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஈயம் குழலின் வரிப்பள்ளங்களில் உரிந்து அப்பிக்கொள்ளும். உறை போட்ட மெல்லிய ரவை உடலுக்குள் உருமாறாமல், ஊசி துணியில் போவது போலப் போய் மறுபுறம் வெளியேறிவிடுகிறது. எடுத்துவந்த சக்தியின் பெரும்பகுதியை அப்பால் உள்ள மண்மேட்டுக்குக் கொடுக்கிறது.

இதை நான் தாளில் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். திசுவைத் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தியான திரவமாகக் கொண்டு, தடைவிசை ரவையின் முகப்பரப்புக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதம் என வைத்து, தடைக்கெழு 0.3 என்று எடுத்துக்கொண்டால், 30 செண்டிமீட்டர் அகலமுள்ள மார்பைக் கடக்கும் ‘த்ரீ-நாட்-த்ரீ’ ரவை தன் சக்தியில் 28 சதவீதத்தை மட்டுமே இழக்கிறது. அதே ரவை உள்ளே நுழைந்ததும் காளான் போல மூக்கு விரிந்து குறுக்களவு இரு மடங்காகிவிட்டால், முகப்பரப்பு நான்கு மடங்காகிறது. இழப்பு 74 சதவீதம் ஆகிறது. திசுவின் உறுதியையும் ரவை புரள்வதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. விரிந்த முகத்துக்குத் தடைக்கெழுவும் கூடும். ஆகவே இது மேலெழுந்த கணக்கே. ஆயினும் எடையையோ வேகத்தையோ இம்மியும் கூட்டாமல், மூக்கின் உறையை மட்டும் கொஞ்சம் மாற்றினால் என்ன நேரும் என்பதை இது காட்டிவிடுகிறது.

டம்டமில் செய்தது அவ்வளவே. அங்கே 1846-இல் தோட்டாத் தொழிற்சாலை ஏற்பட்டது. அதற்கு முன்பே வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடம் அவ்வூர். 1857 ஜனவரியில், சாதி காட்டித் தன் லோட்டாவைத் தர மறுத்த ஒரு சிப்பாயிடம், தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட ஆயுதசாலைத் தொழிலாளி ஒருவர், “நீர் பல்லால் கடிக்கப்போகும் தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவியிருக்கிறதே, அப்போது சாதி எங்கே போகும்?” என்ற பொருள்படக் கேட்டதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும் இதே டம்டமில்தான். தோட்டாவினால் இரண்டு முறை சரித்திரத்தில் இடம்பெற்ற ஊர் உலகில் வேறு இருக்குமா என்பது ஐயமே.

இரண்டாம் முறைக்குக் காரணமானவர் அத்தொழிற்சாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே. 1896-97-இல் அவர் ரவையின் மூக்கு நுனியில் உறையை நீக்கி, உள்ளிருக்கும் ஈயம் சிறிதளவு வெளியே தெரியும்படி செய்தார். பட்டவுடன் அந்த ஈயம் நசுங்கிப் பின்னுக்குத் தள்ள, உறையும் பிளந்து விரியும். இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. அடியிலும் உறை முழுமையாக மூடவில்லை; முன்னும் பின்னும் திறந்த குழாயாகிவிட்டது. சிற்சில சமயம் ஈயம் மட்டும் பறந்துபோய் உறை குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அதையறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டவனின் துப்பாக்கி வெடித்தது. அதனால் இங்கிலாந்தில் மூக்கில் குழிவிட்டு அடியை மூடிய வேறு வகைகளைச் செய்தார்கள். அவை 1898-இல் சூடான் நாட்டு ஓம்துர்மான் போரில் பயன்பட்டன. டம்டமில் செய்தவை எல்லைப்புறத்துத் திரா படையெடுப்பில் அப்ரீதியர் மீது பாய்ந்தன.

விரியும் ரவை பெர்ட்டி-கிளேயின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடலாகாது. 1870-களிலிருந்தே குழிமுனை ரவைகளால் ஆங்கிலேயத் துரைமார் மான்களைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வேட்டைக்காரன் பெட்டியிலிருந்ததைப் படைவீரன் பெட்டிக்கு மாற்றியதே டம்டமின் வேலை. வம்பு அந்த மாற்றத்தில் தொடங்கியது.

ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து அறுவை மருத்துவர் பால் ஃபான் புரூன்ஸ் விரியும் ரவைகளைச் சுட்டுச் சோதித்து, அவை விளைக்கும் காயங்கள் மிகக் கொடியவை என்று எழுதினார். அவர் சோதித்தது டம்டம் ரவையையே அன்று, அதைவிட மிகுதியான ஈயம் வெளியே தெரியும் மௌசர் வேட்டை ரவையை என்று அபர்தீன் மருத்துவர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் மறுத்தார். (நமக்குத் தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைக் கண்டு பெயரிட்ட அதே ஆக்ஸ்டன்தான்.) ஆக்ஸ்டன் சொன்னது விஞ்ஞானத்தில் சரியே. ஆனால் 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாட்டில் பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா எடுத்த வாதம் விஞ்ஞானமன்று. நாகரிகமடைந்த நாட்டுப் படைவீரன் காயம்பட்டால் விலகிச் சிகிச்சைக்குப் போய்விடுவான். காட்டுமிராண்டியோ குண்டு துளைத்த பிறகும் ஈட்டியோடு பாய்வான். அவனை நிறுத்த இந்த ரவை வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். வங்காளத்துத் தொழிலாளர் கையால் செய்து, நம் எல்லைப்புறத்தாரின் உடலில் சோதித்த பொருளுக்கு இப்படி ஒரு நியாயம்! மாநாடு அதை ஏற்கவில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்த்தும், 1899 ஜூலை 29-ஆம் தேதியிட்ட பிரகடனம், மனித உடலில் எளிதில் விரியவோ தட்டையாகவோ ஆகும் ரவைகளைப் போரில் தடை செய்தது. பிரிட்டன் 1907-இல் இணங்கியது. பன்னாட்டுக் குற்ற நீதிமன்றத்தை அமைத்த 1998-ஆம் ஆண்டு ரோமாபுரி உடன்படிக்கையில் இதே செயல் போர்க்குற்றமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

சட்டத்தின் எழுத்துக்குள் நின்றுகொண்டே வேறு வழி கண்டதும் உண்டு. 1910-இல் வந்த ‘த்ரீ-நாட்-த்ரீ’யின் ஏழாம் வகை ரவை முழு உறையிட்டது, கூர்முனையானது. ஆனால் அந்த முனைக்குள் ஈயத்திற்குப் பதில் அலுமினியம் வைத்தார்கள். அடி கனத்து மூக்கு இலேசான அந்த ரவை, உடலுக்குள் புகுந்ததும் நிலை தடுமாறிக் குட்டிக்கரணம் போட்டது. விரியவில்லை, ஆகவே குற்றமில்லை! நிலைமையத்தை இப்படியும் பயன்படுத்தலாம் என்று நம் பாடநூல்கள் சொல்லித் தருவதில்லை.

இனி வேட்டைக்காரன் மேசைக்கு வருவோம். போரில் விரியும் ரவையைக் கைவிட்ட அதே பிரிட்டனில், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம், மானை ரைஃபிளால் சுடுவோர் மென்முனை அல்லது குழிமுனை ரவையைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தலாகாது என்கிறது. மனிதனுக்குக் குற்றமானது மானுக்குக் கட்டாயம்! முதலில் படித்தபோது எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றியது. யோசித்தால் முரண்பாடில்லை. போரில் எதிரியைச் செயலற்றவனாக்கினால் போதும். அவன் பிழைத்து வீடு திரும்புவதற்கு இடம் வைப்பதே இரக்கம். மானுக்கு ஆம்புலன்ஸ் இல்லை. சுட்டவன் செய்யக்கூடிய ஒரே இரக்கம் அது விரைவில் சாவதுதான். ஓடைக்கரையில் மூன்று நாள் கிடந்த புள்ளிமானுக்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை.

ஆனால் ‘விரியும் ரவை’ என்று கேட்டு வாங்கிவிட்டால் தேர்வு முடிந்துவிடாது. விரிவதும் ஊடுருவுவதும் ஒன்றையொன்று தின்னும் குணங்கள். உறை மெல்லியதாயிருந்து வேகம் மிகுந்தால், ரவை தோளெலும்பிலேயே சிதறி மேற்காயத்தோடு நின்றுவிடும். விலங்கு ஓடிப்போய்ச் சீழ்ப்பிடித்துச் சாகும். உறை தடித்து வேகம் குறைந்தால், விரியவே விரியாமல் பாட்டனாரின் ‘சாலிட்’ போலப் போய்விடும். சுமாராக விநாடிக்கு 550 மீட்டருக்குக் கீழே வேகம் இறங்கினால் பல வேட்டை ரவைகள் நம்பகமாக விரிவதில்லை. எனவே குழல்வாயில் என்ன வேகம் என்பதல்ல, மான் நிற்கும் தூரத்தில் என்ன வேகம் மிஞ்சும் என்பதே கணக்கு. தோட்டா கட்டுபவன் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, எத்தனை கஜத்துக்கு அப்பால் நான் சுடாமல் இருப்பேன் என்பதே.

இந்த இழுபறிக்கு 1940-களில் ஒரு நல்ல விடை கண்டார் ஜான் நாஸ்லர் என்னும் அமெரிக்கர். 1946-இல் கனடாவில் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டபோது அவருடைய வேகமான ரவைகள் தோலில் காய்ந்திருந்த சேற்றிலும் சதையிலும் சிதறிப்போயினவாம். அவர் ரவையின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்னறையில் உள்ள ஈயம் விரியும். பின்னறை ஈயம் குலையாமல் எடையோடு உள்ளே செல்லும். எளிய யோசனை, 1948-லிருந்து விற்பனையில் நிற்கிறது.

அண்மைக் காலத்தில் தேர்வில் இன்னொரு பொருளும் சேர்ந்துவிட்டது. விரியும் ஈயம் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சதையெங்கும் பரவுகிறது. வேட்டைக்காரர் விட்டுச் சென்ற குடலையும் எலும்பையும் தின்னும் பறவைகள் ஈய நஞ்சால் சாகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோவில் சிகா மானின் மிச்சத்தைத் தின்ற கடற்கழுகுகள் செத்து விழுந்ததால், அங்கே மான் வேட்டைக்கு ஈய ரவை 2000-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. கான்டார் என்னும் பெருங்கழுகைக் காக்கப் போராடிய கலிபோர்னியா, வேட்டை முழுவதிலும் ஈயத்தை 2019-இல் விலக்கியது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகளைப் பறிகொடுத்த நம் நாட்டாருக்கு இதன் வேதனை புரியும். மாற்றாக வந்தவை முழுச் செம்பு ரவைகள், மூக்கில் குழியிட்டவை, நான்கு இதழாக விரிவன, பெரும்பாலும் துணுக்கு விடாதவை. செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தினுடையது 11.34. ஆகவே அதே எடைக்குச் செம்பு ரவை நீளமாயிருக்கும். நீண்ட பம்பரம் நிலைத்து நிற்க வேகமாய்ச் சுழல வேண்டுமாதலால், பழைய குழலின் வரிமுறுக்கு அதற்குப் போதாமலும் போகலாம். அப்போது எடை குறைந்த செம்பு ரவையைத் தேர்கிறார்கள். உறைக்குள் ஈயம் என்று நூறாண்டுக்கு மேல் ஓடிய வழக்கம் இப்படி ஒரு பறவையின் வயிற்றிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை டம்டம் கன்டோன்மென்ட் வரை போய்வந்தேன். படைக்கலத் தொழிற்சாலை ஒன்று அவ்வூரில் இன்றும் இருக்கிறது. மதிலுக்கு வெளியே நின்று பார்க்க ஒன்றுமில்லை. எதிரே ஒரு தேநீர்க் கடை, மண் குவளையில் சாயா. கடைக்காரரிடம் ‘டம்டம் புல்லட்’ தெரியுமா என்று என் அரைகுறை வங்காளியில் கேட்டேன். மோட்டார் சைக்கிளைக் கேட்கிறேன் என்று நினைத்து ஷோரூமுக்கு வழி சொன்னார்.

இரவு விடுதியிலிருந்து பாட்டனாருடன் தொலைபேசியில் பேசியபோது டம்டம், ஹேக், மான் சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அத்தனை நாட்டுக்காரங்க உக்காந்து பேசியிருக்காங்க. எனக்குத் தோட்டா குடுத்த கடைக்காரன், என்னத்தைச் சுடப்போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்குலியே, கண்ணு. நானும் அவனைக் கேக்குல.”